தள்ளி வைத்தவர்

என் தங்கையின் கணவர் போர்டு எழுதுகிறவர். கடைப் பலகை, கதவு எண், லாரியின் முதுகு, எதுவானாலும் எழுதுவார். எழுத்து அழகுதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்தக் கர்வம்! சாப்பிட உட்கார்ந்தாலும் அடுத்தவர் பேச்சில் பிழை பிடிப்பார். ஐந்தாவதோடு நின்ற என்னிடம், "சொல்லோட வேர் தெரியாம பேசக் கூடாதுக்கா" என்பார். தினமும் எல்லோருக்காகவும் பிரார்த்தனை செய்கிறேன். இவர் முறை வரும்போது மட்டும் எனக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது. கடவுள் மன்னிக்கட்டும்.

பத்து வருஷம் குடித்தனம் செய்த பிறகு, இவள் தன் தகுதிக்கு ஆகாதவள் என்று விவாகரத்து கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார். தங்கை முடியாது என்றாள். "அந்த வீட்டை விட்டா தையல் மிஷினை எங்கக்கா போடுவேன்?" என்று அழுதாள்.

முதல் வாய்தா. இவர் டீ குடித்துவிட்டு ஆடி அசைந்து வருவதற்குள் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். வாசலில் நின்ற சேவகரிடம், "நம்ம கேஸ் என்னாச்சு?" என்றார்.

"தள்ளி வெச்சாச்சு. போங்க, போங்க."

வேர் தெரிந்த பெரிய மனுஷனுக்கு வழக்கைத் தள்ளி வைப்பதும் பெண்டாட்டியைத் தள்ளி வைப்பதும் ஒன்றாகிவிட்டது. நேரே வீட்டுக்குப் போய் மிஷினைத் தெருவில் வைத்தார். கதவுப் பலகையில் அவள் பெயரைச் சுரண்டி எடுத்தார்.

பின்னாலேயே வந்த தங்கை, "என்னங்க, அடுத்த மாசம் தேதி போட்டிருக்காங்க" என்றாள்.

"உனக்கு என்னிக்குடி தமிழ் புரிஞ்சிருக்கு?"

நியாயம் கேட்கப் போன என்னிடம் வியாக்கியானம் வேறு. "தள்ளுன்னா நகர்த்துறது. வைன்னா அங்கயே விடுறது. கோர்ட்டே சொல்லிடுச்சு, அவ்வளவுதான்க்கா."

ஒரு மாதம் என் ஒற்றை அறையில் மிஷினுக்கும் அடுப்புக்கும் நடுவில் படுத்தாள்.

அடுத்த வாய்தாவில் அவள் வக்கீல் நடந்ததைச் சொன்னார். நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"யாரைக் கேட்டு வெளியே அனுப்பினீங்க?"

"நீங்கதானேம்மா தள்ளி வெச்சீங்க!"

"நான் தள்ளி வெச்சது தேதியைங்க."

கோர்ட்டே சிரித்தது. இவருடைய வக்கீல் கேஸ் கட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். வழக்கு முடியும்வரை அவள் அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும், யாரும் தடுக்கக் கூடாது என்று உத்தரவானது.

அன்று சாயங்காலம் மிஷினைத் தூக்கி வந்து பழைய இடத்தில் வைத்தது அவரேதான். மூச்சு வாங்கியது. தங்கை உட்காரச் சொல்லவில்லை. கதவருகிலேயே நின்றாள்.

"பேரையும் எழுதிடுங்க."

"இருட்டப் போகுது. நாளைக்கு எழுதறேனே."

"தள்ளி வைக்காதீங்க" என்றாள்.

தலையைக் குனிந்துகொண்டே பிரஷ்ஷைத் தேடினார்.