குதிரைக்குச் சீக்கு பார்க்க வந்தவர்கள்

சீக்கு பார்க்க வருவது என்று ஒரு வழக்கம் இருக்கிறதே, அதைத் தொடங்கி வைத்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன்.

அப்போது திருக்கொச்சி சர்க்கார். சாலை என்று பேர்கொண்ட கடைத்தெருவுக்குப் பின்னால் எங்களுக்குக் குதிரை லாயம் இருந்தது. என் வீட்டுக்காரர் குதிரைவண்டிகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் வெள்ளைக் குதிரை தீனி எடுக்கவில்லை. மறுநாள் மூக்கில் மஞ்சளாகச் சளி, தாடைக்கு அடியில் வீக்கம். மிருக டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இது பகரும் கேட்டோ. கையில, துண்டில, வாளியில, எல்லாத்திலயும் பகரும். வெளிக் குதிரை ஒண்ணும் இங்க வரண்டா. இங்க உள்ள ஆளும் வேற லாயத்துக்குப் போகண்டா."

பகரும் என்றால் தொற்றும், வரண்டா என்றால் வரவேண்டாம். அது சாலைக் கடைத்தெருவில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், எங்கள் ஆட்களுக்குத்தான் தெரியவில்லை.

எனக்கு உடனே அண்ணன் நினைப்புதான் வந்தது. கரமனையில் இருந்த அவருக்கு ஒரே ஒரு கருப்புக் குதிரை. அது ஓடினால்தான் அந்த வீட்டில் உலை வைக்க முடியும். எங்களுக்கு ஒன்று படுத்தால் இன்னொன்று ஓடும். அவருக்குக் கருப்பு படுத்தால் வீடே பட்டினி. "சீக்கு தீருற வரைக்கும் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதீங்க" என்று சொல்லியனுப்பினேன்.

அதற்குள் செய்தி பரவி, வண்டிக்காரர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். சீக்காளியைப் பார்க்க வெறுங்கையோடு வரக்கூடாதாம், கையில் வெல்லக்கட்டி வேறு. ஒவ்வொருவனும் வெள்ளையின் தாடையைப் பிடித்துப் பார்ப்பான், உச்சுக் கொட்டுவான், ஒரு வைத்தியம் சொல்வான், தோள் துண்டில் கையைத் துடைப்பான், அதே கையால் அடுத்த குதிரைக்கு வெல்லம் ஊட்டுவான். நான் ஃபினாயில் வாளியோடு நின்று கத்துகிறேன். என் வீட்டுக்காரரோ, "அன்பா வாறவங்கள எப்படிட்டீ போன்னு சொல்ல?" என்று அவர்களுக்குக் காப்பி போடச் சொல்கிறார். தலையில் அடித்துக்கொண்டேன். டாக்டர் சொன்னபடியே இன்னும் இரண்டு குதிரைகளுக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது.

அந்த அமளியில்தான் ஒரு காலையில் அண்ணன் வந்து இறங்கினார். அதுவும் கருப்பைப் பூட்டிய வண்டியில்!

"அண்ணே, வராதீங்கன்னு சொல்லியனுப்பினேன்லா!"

"அதனாலதாண்ட்டீ வந்தேன். என்னமோ பெருசா நடந்திருக்கு, அண்ணன்ட்ட மறைக்காளேன்னு பதறிப்போச்சு."

வராதே என்றதால் வந்தாராம்! இந்த மனுஷர்களை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்ய? "உள்ள போகாதீங்க, கருப்புக்கு ஒட்டிரும்" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"தங்கச்சி வீட்டு வாயில்லா ஜீவன் கெடக்கு, நான் வாசல்ல நின்னு எட்டிப் பாக்கவா?" என்று உதறிவிட்டுப் போனார். வெள்ளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தன் துண்டாலேயே அதன் மூக்கைத் துடைத்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கை கழுவ நான் தண்ணீர் கொண்டு வருவதற்குள் வெளியே போய், அதே துண்டால் கருப்பின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் குதிரைகளுக்கு வீக்கம் பழுத்து உடைந்து, ஒவ்வொன்றாகத் தேறின. கருப்புக்கு உடையவில்லை. தொண்டை அடைத்து, மூச்சுத் திணறிச் செத்துப்போனது.

நான் போகவில்லை. எப்படிப் போவேன்? எங்கள் லாயத்தில் சீக்கு முழுசாக அடங்கவில்லை, அண்ணன் வீட்டு வரிசையில் வேறு வண்டிக்காரர்களின் குதிரைகள் நின்றன. "டாக்டர் சரின்னு சொன்னதும் வாறேன்" என்று சொல்லியனுப்பிவிட்டு அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரரையும் போக விடவில்லை.

டாக்டர் சரி சொன்ன அன்றே ஓடினேன். அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தார். சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கப் போய்த் தோள் உரிந்திருந்தது. என்னைப் பார்த்தும் 'வா' என்று சொல்லவில்லை.

"எவன் கண்ணு பட்டுதோ, கருப்பு போச்சு," என்றார். "ஒன் குதிரைக்கு நான் ஓடி வந்தேன். எங் குதிரை செத்ததுக்கு நீ வரல்ல."

நீங்கள் வந்ததால்தான் அண்ணே செத்தது என்ற பேச்சு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஊரையே கத்தித் தீர்த்த எனக்கு அதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. தன் கையாலேயே கருப்புக்குச் சீக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தோம் என்று தெரிந்தால் அந்த மனுஷன் தாங்கமாட்டார். என் மேல் கோபமாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று திரும்பி வந்துவிட்டேன்.