திருநீற்றுக்கு விட்ட இடம்

அப்பாவின் நெஞ்சில் ஒரு படலத்தை ஒட்டினேன். மின்சாரம் கடத்தும் மெல்லிய பிளாஸ்டிக் அது. தோலோடு தோலாக இருந்து இதயத் துடிப்பை என் கணினிக்கு அனுப்ப வேண்டும். ஏழு நாள் தாங்கினால் எங்கள் ஆய்வுகூடத்தில் அந்த வேலை தொடரும்; இல்லையென்றால் நாலு வருட உழைப்பை மூட்டை கட்ட வேண்டியதுதான். முறையான சோதனைக்கு முன் வீட்டில் ஒரு தடவை பார்த்துவிட நினைத்தேன். எங்கள் குட்மேய்ஸ் வீட்டில் நான் கேட்டதற்கு மறுப்புச் சொல்லாத ஒரே ஆள் அப்பாதான்.

முதல் நாள் துடிப்பு அழகாக வந்தது. மறுநாள் காலை ஆறரைக்கு அறுந்தது. மாலையிலும் ஒருமுறை. மூன்றாம் நாள் கோடு வெறும் கிறுக்கலாகிவிட்டது. பிளாஸ்டிக்கைச் சந்தேகித்தேன், பசையைச் சந்தேகித்தேன், கூட வேலை செய்பவர்கள்மீது எரிந்து விழுந்தேன். அப்பாவைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

நாலாம் நாள் காலை வீட்டிலேயே நின்று பார்த்தேன். அப்பா குளித்துவிட்டுச் சாமிப்படத்துக்கு முன்னால் வந்தார். படலத்தை நகத்தால் கிளப்பினார். அதற்குக் கீழே, குழைத்த திருநீற்றை மூன்று குறியாகப் பூசினார். பிறகு படலத்தை மேலே வைத்து நன்றாக அழுத்திவிட்டார்.

"என்னப்பா செய்யிறீங்கள்?" கத்தியே விட்டேன்.

"திருநீறு பூசாமல் நான் தேத்தண்ணியும் குடிக்கிறேல்லை எண்டு உனக்குத் தெரியும்தானே. மேல பூசினால் அது பிளாஸ்டிக்குக்கெல்லே பூசினது?"

"நெத்தியில மட்டும் பூசினால் காணாதோ?"

"அது ஏலாது பிள்ளை. உனக்காகக் கவனமாத்தான் திருப்பி ஒட்டினனான்."

கோபம் வந்த வேகத்திலேயே சிரிப்பும் வந்தது. அவருடைய மூன்று விரல்களையும் ஒரு தாளில் வைத்து வரைந்துகொண்டு ஆய்வுகூடத்துக்கு ஓடினேன். புதிய படலத்தில் அதே அளவில் மூன்று நீண்ட இடைவெளிகள் வெட்டினேன். அப்பா அந்த இடைவெளிகளில் இரண்டு வேளையும் திருநீறு பூசினார். ஏழு நாளும் துடிப்பு அறவில்லை. எட்டாம் நாள் கழற்றப் போனபோது, "இருக்கட்டும் பிள்ளை, அது பாட்டுக்குக் கிடக்குது" என்றார்.

அப்பா போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. அன்று அவரிடம் கத்தியது இன்னும் மனதை உறுத்துகிறது. நாங்கள் செய்யும் படலங்களில் அந்த மூன்று இடைவெளிகளும் அப்படியே இருக்கின்றன. வியர்வை வெளியேறத்தான் அவை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதற்கும் உதவுகின்றன, பொய்யில்லை.

போன கிழமை, புதிதாகச் சேர்ந்த மாணவி இந்த அகலம் எப்படி வந்தது என்று கேட்டாள். விரலளவு என்றேன். அவள் போனபின் என் மூன்று விரல்களையும் இடைவெளிகளில் வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் இடம் மிஞ்சியது.