பத்தொன்பது புள்ளிப் பட்டறை

"கவர்மெண்டே வந்து சம்மணம் போட்டு உக்காந்து எண்ணினாலும் நம்ம பட்டறையில இருபதாவது ஆளைக் காட்ட முடியாது!"

காரைக்குடி எவர்சில்வர் பட்டறையின் டைம்கீப்பர் நாகநாதன் இப்படிப் பிரகடனம் செய்தது அறுபத்தெட்டாம் வருஷம், மாயக்கண்ணன் டீக்கடையில், நிறைந்த சபையில். செய்துவிட்டு ஒரு மசால்வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். அவருடைய பட்டறையில் அப்போது முப்பத்தோரு பேர் வேலை பார்த்தார்கள்.

மீதிப் பன்னிரண்டு பேர் எங்கே போனார்கள் என்று கேட்பவர்கள் சட்டம் தெரிந்தவர்கள், ஆனால் நாகநாதனைத் தெரியாதவர்கள். சட்டம் சொன்னது இது: மின்சாரத்தில் எந்திரம் ஓடும் இடத்தில் இருபது பேர் சேர்ந்துவிட்டால் அங்கே தொழிலாளர் காப்பீடு வந்துவிடும். முதலாளி ஒரு பங்கு கட்ட வேண்டும், தொழிலாளி ஒரு சின்னப் பங்கு கட்ட வேண்டும். பதிலுக்கு ஆளுக்கொரு அட்டை. அட்டைக்காரனுக்கு நோய் வந்தால் மருந்து உண்டு, பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை உண்டு, படுத்திருக்கும் நாளுக்குப் பாதிச் சம்பளமும் உண்டு. இதைக் கேட்ட மாத்திரத்தில் முதலாளி தேனப்பனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

"காய்ச்சலைக் குடுக்கிறவன் ஆண்டவன். அதுல படுக்கிறவன் வேலைக்காரன். பணம் கட்டுறவன் மட்டும் நானா? நாம ஒரு குடும்பம்ப்பா நாகநாதா. குடும்பத்துக்குள்ள சட்டம் எதுக்கு?"

நாகநாதன் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் ஞானம் பிறந்தது. நகரத்தார் ஊர்களில் கோயில் வரிக்குத் தலையை எண்ணுவதில்லை, புள்ளியை எண்ணுவார்கள். கல்யாணமான ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப் புள்ளி. நாகநாதன் அந்த வழக்கத்துக்காரர் அல்ல, திருக்கோஷ்டியூர் பக்கத்து விவசாயக் குடும்பம். ஆனாலும் நல்ல வழக்கம் எங்கிருந்தாலும் எடுத்தாளும் விசால மனசு அவருக்கு.

"மொதலாளி, நம்ம பட்டறையில புருசன் பொண்டாட்டியா பன்னெண்டு ஜோடி. தனி ஆள் ஏழு. ஆகப் பத்தொம்பது புள்ளி. நாம பொய் சொல்லலை. வேற கணக்குல உண்மையைச் சொல்றோம்."

தேனப்பன் எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டார். பட்டறையின் சரித்திரத்தில் அந்தக் கை யார் தோளிலும் பட்டதில்லை. அன்றிலிருந்து வருகைப் பதிவேட்டில் பத்தொன்பது வரிகள். பாலிஷ் சக்கரத்தில் குனிந்திருக்கும் புருஷனுக்கு வரி உண்டு. பாத்திரத்தைத் துடைத்துக் காகிதம் சுற்றும் பெண்டாட்டி அதே வரிக்குள் அடக்கம். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் பன்னிரண்டு பெண்களும் பின்வாசல் வழியாக மாயக்கண்ணன் கடைக்குப் போய், முதலாளி செலவில் டீ குடிப்பார்கள். தொழிலாளர் நலனுக்காகப் பட்டறை செய்த ஒரே செலவு அதுதான்.

முதல் தடவை வந்த இன்ஸ்பெக்டர் மெலிந்த மனிதர். பத்தொன்பது வரையில் எண்ணிவிட்டுப் பேனாவின் முனையை நாகநாதன் பக்கம் திருப்பினார்.

"நீங்க?"

"நான் ஆளில்லை சார். எழுதுறவன்."

அது சத்தியம். நாகநாதனின் சம்பளம் முதலாளி வீட்டுச் செலவில், சமையல்காரருக்கும் மாட்டுக்காரருக்கும் நடுவில் வந்துகொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் டீக்கடையில் செய்ததுதான் மேற்படி பிரகடனம்.

சபையில் எதிர்ப்பும் இருந்தது. தகட்டில் அச்சு அடிக்கும் தங்கச்சாமி கிளாசை ணங்கென்று வைத்தான்.

"குடும்பம் குடும்பம்கிறீக. மொதலாளி வீட்டு விசேசத்துல எங்களுக்கு எலை எங்குட்டுப் போட்டாக? மாட்டுக்கொட்டாயில! அதே மாட்டுக்கு நோவு வந்தா மருதையிலருந்து டாக்டர் வாராரு. எங்களுக்கு வந்தா?"

அவனுக்குப் பதில் சொன்னது நாகநாதன் அல்ல, பாலிஷ்காரன் மலையாண்டி.

"போடா. சம்பளத்துல புடிச்சுக்கிட்டு, கவர்மெண்டு செவப்புத் தண்ணி ஒரு பாட்டில் குடுக்கும். அதுக்கு எட்டு எடத்துல கையெழுத்து. நமக்கு ஒண்ணுன்னா நாகநாதண்ணன் பாக்க மாட்டாகளா?"

நாகநாதன் பெருந்தன்மையோடு தலையை ஆட்டினார். பின்னாளில் தம்முடைய தலையசைப்புகளில் எதையாவது திரும்பப் பெறலாம் என்று ஒரு சட்டம் வந்திருந்தால், அவர் இந்த ஒன்றுக்குத்தான் மனுப் போட்டிருப்பார்.

எழுபதாம் வருஷம் மலையாண்டி இருமத் தொடங்கினான். பாலிஷ் சக்கரத்தின் கருந்தூள் எல்லார் மூக்கிலும் ஏறுவதுதான். துண்டைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தான். ஒருநாள் துண்டில் கருப்போடு சிவப்பும் இருந்தது. அவன் பெண்டாட்டி முத்தழகு அவனைக் கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். திரும்பி நேரே நாகநாதனின் மேசைக்கு வந்தாள்.

"அண்ணே, டாக்டர் காப்பீட்டு அட்டை இருக்கான்னு கேட்டாரு. இருந்தா மருதையில படுக்கை கெடைக்குமாம், பாதிச் சம்பளம் வருமாம். இல்லாட்டி வரிசையில நிக்கணுமாம், மூணு மாசமோ நாலு மாசமோ. நம்ம பட்டறையில அட்டை உண்டாண்ணே?"

"அது... இருபது பேர் இருந்தாத்தான் தாயி."

முத்தழகு பட்டறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். படிக்காதவள். ஆனால் இருபதுக்கு மேல் எண்ணத் தெரிந்தவள்.

"எங்க ரெண்டு பேரையும் ஒண்ணுன்னு எழுதியிருக்கீகளாமே. ராத்திரியெல்லாம் இருமுறாரு, நானும் கூட இருமுறேன். இப்ப இருமுறது ஒரு ஆளாண்ணே, ரெண்டு ஆளா?"

நாகநாதன் பேனாவுக்கு மை ஊற்றினார். பேனாவில் ஏற்கெனவே மை இருந்தது. மேசையெல்லாம் வழிந்தது.

அவர் சும்மா இருந்துவிடவில்லை. தம் சொந்தக் காசில் ஆர்லிக்ஸ் பாட்டில் ஒன்று வாங்கிக்கொண்டு அமராவதிபுதூரில் மலையாண்டியின் வீட்டுக்குப் போய், அவன் தலைமாட்டில் வைத்தார். "நான்தான் சொன்னேன்ல, அண்ணன் பாப்பாகன்னு" என்று மலையாண்டி முத்தழகிடம் பெருமைப்பட்டான். நாகநாதனுக்கு அங்கே அதற்குமேல் உட்கார முடியவில்லை. முதலாளியும் கைவிடவில்லை. "பாவம்ப்பா" என்று மூன்று தடவை சொன்னார்.

அடுத்த வாரம் நாகநாதன் பிள்ளையார்பட்டிக்குப் போய், மலையாண்டிக்காக நூற்றெட்டுத் தோப்புக்கரணம் என்று காதைப் பிடித்தார். ஐம்பத்து நாலாவது கரணத்தோடு முழங்கால் மடங்க மறுத்தது. 'வீட்டில் அவளும் நீயும் ஒரு புள்ளி. அவள் பங்கு ஐம்பத்து நாலைச் சேர்த்தால் நூற்றெட்டு ஆயிற்றே' என்று உள்ளே ஒரு குரல் கணக்குச் சொன்னது. காதைப் பிடித்த கை பிடித்தபடி நின்றது. அது அவருக்கு நன்றாகப் பழகிய குரல். பாக்கி ஐம்பத்து நாலையும் போட்டுவிட்டு நொண்டிக்கொண்டே பஸ் ஏறினார். முழங்கால் வலி நாலு நாளில் போனது. குரல் போகவில்லை.

வரிசையில் மலையாண்டியின் முறை வருவதற்குப் பதினோரு நாள் முன்னால் அவன் செத்துப்போனான். துக்கவீட்டில் உட்கார்ந்திருந்தவர்களை நாகநாதன் பழக்கதோஷத்தில் எண்ணிவிட்டார். நாற்பத்து மூன்று பேர். புள்ளியாக எண்ண அன்றைக்கு ஏனோ கைவரவில்லை.

காரியம் முடிந்ததும் முத்தழகு புருஷனின் சக்கரத்தில் உட்கார்ந்தாள். பதிவேட்டில் அவன் பெயரை அடித்து அவள் பெயரை அதே வரியில் எழுதினார் நாகநாதன். தேனப்பன் எட்டிப் பார்த்தார்.

"இப்ப அது அரைப் புள்ளில்ல? ஆகப் பதினெட்டரை. இன்னும் அரை ஆளுக்கு எடமிருக்குய்யா. தாலியறுத்த பொம்பளை இன்னொண்ணு இருந்தா கூட்டியா, சரியாப் போயிரும்."

முதலாளி வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவருக்குக் கணக்கு நன்றாக வந்தது, கற்றுக்கொடுத்தவர் நாகநாதன். "பாக்குறேன் மொதலாளி" என்றார் அவர். அன்று மத்தியானம் தூக்குவாளியைத் திறக்கவே இல்லை.

எழுபத்தொன்றில் அதே மெலிந்த இன்ஸ்பெக்டர் திரும்ப வந்தார். பதினோரு பெண்கள் பின்வாசல் வழியாக டீ குடிக்கப் போனார்கள். சக்கரங்களில் இருந்தவர்களை இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவராக எண்ணினார். முத்தழகிடம் வந்தபோது அவள் துண்டுக்குள் இருமினாள். அவர் நின்று, இருமல் முடியும்வரை காத்திருந்துவிட்டு, அவளையும் எண்ணினார்.

"பத்தொம்பது. ஒரு ஆள் கொறையுது" என்று பேனாவை மூடினார். தேனப்பன் இளநீரை நீட்டினார்.

"சார், ஒரு நிமிசம் இருங்க" என்றார் நாகநாதன்.

பதிவேட்டைத் தம் பக்கம் இழுத்தார். ஸ்கேலை வைத்துப் பத்தொன்பதாவது வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டார். முத்தழகின் சக்கரம் நின்றது.

"என்னப்பா எழுதுற?" என்று தேனப்பன் கேட்டார்.

"விட்டுப்போன ஆள் ஒண்ணு, மொதலாளி."

வழக்கமான குண்டுக் கையெழுத்தில் எழுதி, மை காய ஊதினார். பிறகு பதிவேட்டை இன்ஸ்பெக்டர் பக்கம் திருப்பி வைத்தார். இருபது. நாகநாதன். வேலை: எண்ணுதல்.