ஏழாவது சேலை

வெயிலில் காய்ந்து கிடக்கும் வள்ளத்தின் வயிற்றில் நனைத்த பருத்திச் சேலையை விரித்தால் குப்பென்று ஒரு ஆவி எழும். உப்பும் பழைய மீனெண்ணெயும் சோப்பும் கலந்த அந்த வாசனையை நினைத்தாலே எனக்கு இன்றைக்கும் தலை வலிக்கிறது. ஆகா, என்ன மணம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் பொய் சொல்ல இந்த வயதில் தெம்பு இல்லை. அந்தச் சேலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, கால் சுட, கண்ணில் வியர்வை இறங்க, எப்போதடா வீட்டுக்கு விடுவார்கள் என்று நின்றவள் நான்.

உவரியில் அப்பாவுக்கு மரத்தில் செய்த ஒரு வள்ளம் இருந்தது. ஆனி, ஆடியில் காற்று எழும்பிக் கடல் கொந்தளிக்கும் நாட்களில் அதைக் கரையேற்றி, மணலில் ஒருக்களித்துச் சாய்த்து வைத்து, அடிப்பக்கம் முழுவதும் பெயின்ட் அடிப்பார். அடிக்காவிட்டால் கடல்புழு மரத்தைத் துளைக்கும், தண்ணீர் கசியும். கசிகிற வள்ளம் நடுக்கடலில் என்ன ஆகும் என்பதை எங்கள் தெருவில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பெயின்ட் வாங்க அப்பா இரண்டு பஸ் மாறித் தச்சநல்லூருக்குப் போவார். பக்கத்திலேயே கடைகள் இருந்தன, ஆனால் அவருக்கு அந்த ஒரு கடை அண்ணாச்சியைத் தவிர வேறு யாரிடமும் நம்பிக்கை கிடையாது.

எவ்வளவு வாங்குவது என்பதுதான் சிக்கல். வீட்டுச் சுவர் என்றால் நீளத்தையும் உயரத்தையும் பெருக்கிவிடலாம். வள்ளமோ முன்னால் ஒடுங்கி, நடுவில் புடைத்து, பின்னால் மறுபடி ஒடுங்குகிறது. ஒரு வருஷம் அப்பா கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக வாங்கி வந்தது பாதியிலேயே தீர்ந்துபோய், மறுபடி தச்சநல்லூருக்கு ஓடித் திரும்புவதற்குள் பிரஷ் எல்லாம் காய்ந்து கட்டையாகிவிட்டது. அடுத்த வருஷம் அம்மா பொறுமையிழந்து, கொடியில் கிடந்த தன் பழைய சேலையை உருவிக் கடல் தண்ணீரில் முக்கி, "கண்ணால அளந்தது போதும்" என்று வள்ளத்தின்மேல் வீசினாள். ஈரத்துணி பலகையின் வளைவுகளோடு அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒரு சேலை மூடும் இடத்துக்கு இரண்டு பூச்சு அடிக்க லிட்டர் டப்பா ஒன்று சரியாகப் போயிற்று. அன்றிலிருந்து அந்தச் சேலைக்கு எங்கள் வீட்டில் "அளவுச் சேலை" என்று பெயர். ஒரு பக்கத்துக்கு மூன்று, மறுபக்கத்துக்கு மூன்று, ஆக ஆறு சேலை, ஆறு டப்பா. கடை அண்ணாச்சி, "ஏம்வே, நான் பெயின்ட் கடை வச்சிருக்கேனா, ஜவுளிக்கடை வச்சிருக்கேனா?" என்று கேட்டுக்கொண்டேதான் எடுத்துக் கொடுப்பாராம்.

கச்சிதமான கணக்கு. அம்மாவுக்கு அதில்தான் குறை. எங்கள் வீட்டு வாசல் கதவு உப்புக்காற்றில் சாம்பல் பூத்து, கீழ்ப்பகுதி நார் நாராக உரிந்து கிடந்தது. தெருவில் மற்ற வீடுகளில் வள்ளத்துக்குப் போக மிஞ்சிய பெயின்ட்டில் கதவும் சன்னலும் பச்சையும் நீலமுமாக நிற்கும். எங்கள் வீட்டில் மட்டும் ஒரு சொட்டு மிஞ்சாது. கதவுக்கென்று ஒரு டப்பா கூடுதலாக வாங்கிவரச் சொன்னால் அப்பா, "வாசக் கதவா கடலுக்குப் போவுது?" என்பார், அதோடு பேச்சு முடிந்தது.

நான் ஏழாம் வகுப்புப் படித்த வருஷம் என் அக்கா ரோஸ்லினைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். காற்றுக் காலம் முடிந்ததும் வருவார்களாம். அன்றிலிருந்து அம்மாவுக்குக் கதவு ஒன்றே நினைப்பு. "குசினி"யில் சோறு கொதித்துக்கொண்டிருக்கும், இவள் வாசலில் நின்று கதவைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பாள். வருகிறவர்கள் முதலில் பார்ப்பது கதவைத்தானே, மாதாவே, இதைப் பார்த்தால் உள்ளே இருக்கிற பெண்ணை என்னவென்று நினைப்பார்கள் என்று அக்காவிடமே புலம்புவாள். அக்கா பாவம், தலையைக் குனிந்துகொண்டு மீன் கழுவுவாள்.

அளக்கும் நாள் வந்தது. வழக்கம்போல நான் ஒரு முனை, அம்மா ஒரு முனை. ஒரு பக்கத்துக்கு மூன்று சேலை முடிந்து, சேலையைச் சுருட்டியும் ஆகிவிட்டது. சற்றுத் தள்ளிக் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்காமலே, "ஏட்டி, எத்தன?" என்றார்.

"மூணர," என்றாள் அம்மா.

"மூணரையா?"

"ஆமா, மூணர. ஏழு டப்பா வாங்கிட்டு வாங்க."

நான் வாயைத் திறக்கப் போனேன். அம்மா ஈரச் சேலையை என் தலையில் போட்டு, "வெயிலு, மூடிக்கோ," என்றாள். அவ்வளவுதான். அப்பா வலைக்குத் திரும்பிவிட்டார். அம்மா அளந்து சொன்னால் அவருக்கு வேதவாக்கு.

அவர் தச்சநல்லூர் போன அன்றைக்கே அம்மா தேங்காய் நாரும் சாம்பலும் வைத்துக் கதவைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். மேல்தோல் போய் உள்மரம் வெளுத்து வரும்வரை தேய்த்தாள். ஏழாவது டப்பாவுக்காகக் கதவு குளித்துவிட்டுக் காத்திருந்தது.

பெயின்ட் வந்தது. வந்த பிறகுதான் அப்பாவுக்கு ஒரு யோசனை. பழைய பூச்சு அங்கங்கே பொருக்குத் தட்டி எழும்பியிருக்கிறது, அதன்மேலேயே பூசினால் நிற்காது, முழுக்கச் சுரண்டிவிட்டு அடிப்போம் என்று கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு மரம் தெரியுமட்டும் சுரண்டிவிட்டார். பல வருஷமாகப் பூச்சுக்குள் இருந்த மரம், தாகம் எடுத்துக் கிடந்ததோ என்னவோ, முதல் பூச்சை அப்படியே உறிஞ்சிக்கொண்டது. "மரம் குடிக்குதுல்லா, இன்னும் ஊத்துலே," என்று அப்பா சொல்லச் சொல்ல டப்பாக்கள் காலியாகிக்கொண்டு வந்தன. ஆறாவது டப்பா தீர்ந்தபோது அடிவயிற்றில் ஒரு பாய் அகலத்துக்கு மரம் வெறுமனே தெரிந்தது. ஏழாவதை உடைத்தார்கள். அதுவும் கடைசிச் சொட்டுவரை போனது.

அன்றைக்கு அப்பாவுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! காலி டப்பாவைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டி, கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்: "பாத்தியளாலே எம்பொஞ்சாதி கணக்க? ஆறுன்னு சொல்லியிருந்தா அடி மொட்டையால்லா நின்னிருக்கும்! நம்ம உயிரக் காப்பாத்திட்டாளே!" கூட்டாளிகள் சிரித்தார்கள், ஒருவர் விசில்கூட அடித்தார். கஞ்சித் தூக்குவாளியோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். அவள் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். கதவு போயிற்றே என்ற வருத்தமாக இருக்கும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

கதவு அப்படியேதான் நின்றது, வெளுத்துப்போய். பெண் பார்க்கிறவர்கள் வந்தார்கள், கதவைத் திறந்துதான் உள்ளே வந்தார்கள், ஒருவர்கூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. காப்பி குடித்தார்கள், அக்காவைப் பிடித்திருக்கிறது என்றார்கள், கல்யாணமும் நடந்தது. இதற்காகவா இத்தனை பாடு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அதோடு போயிருந்தால் நானும் மறந்திருப்பேன். அம்மாவுக்கு அதற்குப் பிறகு நிம்மதி போய்விட்டது. மரம் எவ்வளவு குடிக்கும் என்று சேலைக்குத் தெரியாது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்திருக்கிறது. கதவு ஆசையில் வேண்டுமென்றே பொய் சொன்னதால்தான் பெயின்ட் வள்ளம் முழுவதையும் மூடியது. உள்ளதைச் சொல்லியிருந்தால் மூடியிருக்காது. அப்படியானால் முன்னே ஆறு ஆறு என்று அளந்து அனுப்பிய வருஷங்களெல்லாம்? போதாமல் எங்காவது மெலிசாக இழுத்துப் பூசியிருந்தால்? எத்தனை நாள் இந்த மனுஷன் என் கணக்கை நம்பிக் கடலுக்குப் போனார்? ரோஸ்லின் அக்கா வந்திருந்தபோது அடுப்படியில் உட்கார்ந்து இதை அம்மா அவளிடம் சொல்லி அழுததை நான் கேட்டேன். அப்பாவிடம் சொல்லவே இல்லை. வள்ளம் கரை சேரும் நேரம் முதல் ஆளாய்ப் போய் நின்று, மீன் என்ன பட்டது என்று கேட்காமல், "தண்ணி கசிஞ்சுதா?" என்று கேட்பாள். அப்பா, "ஒனக்கென்னட்டி, கிறுக்கா?" என்று சிரிப்பார். மறுநாளும் கேட்பாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் ஆறு சேலை அளந்துவிட்டு ஏழு என்றே சொன்னாள். சுரண்டாத வருஷங்களில் ஏழாவது டப்பா உடைக்காமல் மிஞ்சியது. கதவுக்கு அடித்துவிடலாமே என்று நான் கேட்டால், "வேணாம். இருக்கட்டும்," என்று கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவாள். அவள் எத்தனையோ வருஷம் ஏங்கிய மிச்சம், மூடி துருப்பிடித்து, உள்ளே கல்லாக இறுகிப்போய், ஒன்றன்பின் ஒன்றாக அங்கே கிடந்தது. கதவு கடைசிவரை வெறுங்கதவுதான்.

அப்பாவைக் கடல் ஒன்றும் செய்யவில்லை. சர்க்கரை நோயில் கால் புண்ணாகி, கட்டிலில் கிடந்து போனார். வள்ளத்தை அதற்கு முன்பே விற்றாயிற்று. இப்போது உவரிக் கரையில் நிற்பவை ஃபைபர் படகுகள். சேலையை நனைத்து அளக்கிற வேலை யாருக்கும் இல்லை. அதற்காக நான் கண்ணீர் விடப்போவதில்லை, பிள்ளைகளின் காலாவது சுடாமல் இருக்கட்டும். பழைய வீட்டைக் கதவோடு இடித்துவிட்டார்கள். அளவுச் சேலை எங்கே போயிற்று என்று தெரியாது, பாத்திரம் துடைக்கக் கிழித்திருப்போம்.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள், தச்சநல்லூரில். அந்த அண்ணாச்சி கடை இருந்த இடத்தில் செல்போன் கடை வந்திருக்கிறது. போன மாதம் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஒரு பையன் வந்து, ஏதோ ஒரு கருவியைச் சுவரில் காட்டி, சிவப்பு வெளிச்சம் பட்டதும் இத்தனை லிட்டர் என்று சொல்லிவிட்டான். நான் சரி என்றேன். அறைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது:

"ஏட்டி, ஒரு சேலைக்குக் கூட வாங்கச் சொல்லு."

"என்ன சேல, அக்கா?" என்று அவன் முழித்தான். ஒரு டப்பா கூடுதலாக வாங்கிக்கொள் என்றேன். விளக்க எனக்குத் தெம்பு இல்லை.

வேலை முடிந்து, அவன் கருவி சொன்ன கணக்குப்படி அந்த டப்பா மிஞ்சியது. பின்கதவு வெளுத்துக் கிடக்கிறதே, அதற்காவது அடிக்கச் சொல்லலாம் என்று தேடினால் காணோம். அம்மாவின் கட்டிலுக்கடியில், சுவரை ஒட்டி, அவளுடைய பழைய சேலை ஒன்றால் மூடி வைத்திருந்தாள். கையை நீட்டினேன்.

"வேணாம். இருக்கட்டும்," என்றாள்.

எங்கள் வீட்டிலிருந்து இப்போது யாரும் கடலுக்குப் போவதில்லை. டப்பாவை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.