எடுத்துக் கொடுக்காத சத்தியம்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணிக்கொண்டு போகும். முன்னால் நடந்ததைப் பின்னால் வைப்பேன், பாதி மறந்தும் போச்சு. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லிவிடலாம் என்றால், நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

எங்கள் ஊர் சாயல்குடிக்கு வடக்கே. மிளகாயும், மழை பெய்தால் நெல்லும் விளையும். ஆம்பளைகளுக்கு இருந்த ஒரே பெருமை ஊர்க் கபடிக் குழுதான். எழுபத்தைந்து, எழுபத்தாறு வாக்கில் வெளியூர்க்காரர் ஒருவர் விறகை எரித்துக் கரி எடுக்கிற கரிமூட்டத்துக்கு வேலையாக வந்தார். கபடி நன்றாகத் தெரிந்தவர். சாயங்காலமானால் கம்மாய்ப் பொட்டலில் பயல்களைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுப்பார். எல்லாரும் அவரை மாஸ்டர் என்றார்கள். அவர் வந்த மறு பொங்கலுக்கே மாரியூர்ப் போட்டியில் எங்கள் ஊர் கோப்பை வாங்கியது. அதுவரைக்கும் கடற்கரைக்காரர்கள், "மிளகாக்காட்டுப் பயலுக, கண்ணு எரியுதுன்னு பாதியில ஓடிருவாய்ங்க" என்று கேலி பேசுவார்கள். அன்றைக்கு மாஸ்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நானும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆலாத்தி எடுத்தேன்.

என் மகனுக்கு அப்போது பதினோரு வயது. சின்னப் பயல்கள் அணியில் அவன்தான் முதலில் பாடிப் போவான். மூச்சு அப்படி. வீட்டில் தண்ணீர் எடுத்து வரச் சொன்னால்கூட "கபடி கபடி" என்று ஒரே மூச்சில் போய்த்தான் வருவான். அவன் அய்யாவுக்கு, அதான் என் வீட்டுக்காரருக்கு, அதில் ஒரே சிரிப்பு.

வாலிநோக்கத்தில் போட்டி என்று மாஸ்டர் பயல்களைக் கூட்டிப் போய் அங்கேயே தங்கவைத்துக் கூட்டி வந்தார். வந்தவன் சாப்பிடவில்லை. மூலையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

"என்னடா, தோத்துட்டீகளா?" என்று கேட்டேன்.

"செயிச்சாச்சு" என்றான்.

அடுத்த நாள் பொட்டலுக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. அவன் அய்யா காட்டுக்குப் போன நேரத்தில் அடுப்படிக்கு வந்து நின்றான். "ஆத்தா, மாஸ்டர் இருக்கிற எடத்துக்கு என்னைய அனுப்பாத."

"ஏன்டா, அடிச்சாரா?"

"அடிச்சிருந்தா தேவலையே."

பிறகு சொன்னான். என்ன சொன்னான் என்று எழுத மாட்டேன். ஒரு பிள்ளையிடம் யாரும் செய்யக்கூடாததை அந்த ஆள் செய்திருந்தார். இன்னும் ரெண்டு பயல்களுக்கும் அப்படித்தான் என்றான். சொல்லும்போது அவன் அழவில்லை. அடுப்பில் எரிந்த விறகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் அய்யாவிடம் சொன்னேன். அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். குழுத் தலைவர்தான் வழிமறித்தார். அவர் என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன் முறை. "அண்ணே, வெட்டிட்டு நீ ஜெயிலுக்குப் போனா இந்தப் புள்ளைய யாரு பாக்கிறது? ஊருக்குள்ள பேசி முடிப்போம்" என்றார். அந்தப் பேச்சு நியாயமாகத்தான் இருந்தது.

அய்யனார் கோயிலில் கூட்டம் போட்டார்கள். கூட்டத்தில் பொம்பளைகள் உட்காரக்கூடாது. நாங்கள் வேலிக்கு வெளியே நின்றோம். மாஸ்டரைக் கண்டிப்பார்கள், போலீஸுக்குச் சொல்லுவார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வேறு பேச்சு ஓடியது. வெளியில் தெரிந்தால் குழுவை எந்த ஊர்ப் போட்டிக்கும் கூப்பிட மாட்டார்கள், கோப்பையைக்கூடத் திருப்பிக் கேட்பார்கள், பயல்களுக்கு நாளைக்கு எவன் பொண்ணு கொடுப்பான் என்றெல்லாம் பேசினார்கள். கடைசியில் சூடத்தைப் பொருத்தினார்கள்.

குழுவில் இருந்த ஆம்பளைகள் ஒவ்வொருத்தராக எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, இந்த விஷயம் எங்கள் வாயிலிருந்து வராது என்று சத்தியம் செய்தார்கள். என் வீட்டுக்காரரும் செய்தார். அப்புறம் அந்த மூன்று பயல்களையும் கூப்பிட்டார்கள். என் மகன் அடித்தான். சூடம் அணையவில்லை. "ஏலே, பாடிப் போறப்ப மட்டும் கை அம்புட்டு வேகமா நீளுது?" என்று யாரோ சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். மறுபடியும் அடிக்கவைத்தார்கள்.

மாஸ்டரைச் சூடம் அடிக்கச் சொல்லவில்லை. அவர் வெளியூர்க்காரர், நம் சாமி அவரைக் கட்டாது என்று விட்டுவிட்டார்கள். கொஞ்ச நாளில் அவருக்குச் சோறு ஆக்கிப் போட்டு, பொன்னாடை போர்த்தி, வேறொரு ஊர்க் குழுவுக்கு நல்ல மனுசன் என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள்.

மகன் கையில் கொப்புளம். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, "ராசா, என்கிட்டயாச்சும் பேசுடா" என்றேன். "சத்தியம் பண்ணிருக்கேன் ஆத்தா" என்றான். அதோடு சரி. அவன் அய்யாவும் பேசவில்லை. ஒரே வீட்டில் மூன்று பேர், அதைப் பற்றிப் பேசாமலே வருசக்கணக்காகச் சோறு தின்றோம். அவர் அப்படியே போயும் சேர்ந்துவிட்டார்.

மீசை முளைக்கும் முன்னே மகன் கடற்கரை ஊரான மண்டபத்துக்குப் போய்விட்டான். மீன் பிடித்து வரும் போட்டுகளுக்கு ஐஸ் உடைத்துப் போடுகிற வேலை. அங்கேயே கல்யாணம், அங்கேயே பிள்ளைகள். ஊருக்கு வந்தால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவான். குடியும் சேர்ந்துகொண்டது. மருமகள் ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, பக்கத்துல யாராச்சும் கபடி வெளாண்டா இவரு கதவச் சாத்திக்கிறாரு. மகன வெளாட விடமாட்டேங்கிறாரு. இவருக்கு என்னதான் ஆச்சு?" என்று கேட்டாள். நான் என்ன சொல்ல? அது அவன் சொல்ல வேண்டியது. அவனோ சத்தியத்தில் இருக்கிறான்.

ரெண்டாயிரத்து ஆறோ ஏழோ, குழு முதல் கோப்பை வாங்கிய முப்பதாம் ஆண்டு விழா என்று போஸ்டர் ஒட்டினார்கள். நடுவில், சிறப்பு விருந்தாளி என்று மாஸ்டர் படம். குழாயடியில் ஒருத்தி, "அடியே, மாஸ்டருக்கு முடியப் பாரேன். சாயத்துல முக்கி எடுத்தாகளோ?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் குடம் நிறைந்து வழிந்தது தெரியவில்லை.

அந்த வாரமே ஓர் அம்மா என்னைத் தேடி வந்தாள். நான் களத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். நெடி தாங்காமல் இருமிக்கொண்டே, கையில் இருந்த போஸ்டரை விரித்துக் காட்டினாள். மாஸ்டரை எங்கள் குழு அனுப்பிவைத்ததே, அந்த ஊர்க்காரி.

"அக்கா, ஒங்க ஊர்க்காரவுக சொன்னத நம்பித்தான் எம்புள்ளைய அந்தாளுகிட்ட விட்டேன். எம்புள்ள இப்ப இல்லக்கா. தானா முடிச்சுக்கிட்டான். போறதுக்கு முன்னால எல்லாத்தையும் எங்கிட்டச் சொல்லிட்டான். ஸ்டேசன்ல எழுதிக் குடுத்திருக்கேன். செத்தவன் வந்து சொல்ல முடியுமாங்கிறாக. உசுரோட இருக்கிறவன் ஒருத்தன் சொல்லணுமாம்."

என்னிடம் வருமுன் அவள் தலைவரிடம் கேட்டதற்கு, எங்கள் ஊரில் ஒரு புகாரும் கிடையாது என்று சொல்லியிருக்கிறார். குழாயடியில் யாரோ மெல்ல என் வீட்டைக் காட்டிவிட்டிருக்கிறார்கள்.

அவளோடு ஸ்டேசனுக்குப் போய் நான் சொன்னேன். உன் மகன் வந்து சொன்னால்தான் ஆகும் என்றார்கள். மற்ற ரெண்டு பயல்களும் இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. மகனுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பிறகு, "வாங்குனவுக எடுத்துக் குடுக்கட்டும் ஆத்தா. நான் வாரேன்" என்றான்.

எங்கள் பக்கம் வழக்கம் அதுதான். சூடம் அடித்து வாங்கிய சத்தியத்தை, வாங்கினவர்களே அதே சாமி முன்னால் நின்று, எடுத்துக்கொண்டோம், இனி நீ பேசலாம் என்று சொல்ல வேண்டும். சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திய குடும்பங்கள் அப்படித்தான் கல்யாணம் காட்சிக்கு மறுபடி சேரும்.

குழுவுக்கு இப்போது சொந்தக் கட்டடம் இருக்கிறது. விழாவுக்காகக் கூட்டம் கூடியிருந்தபோது அவளையும் கூட்டிக்கொண்டு போய் வாசலில் நின்றேன். தலைவர் எழுந்து வந்தார். "என்ன மதினி, சொல்லி விட்டிருந்தா நானே வீட்டுக்கு வந்திருப்பேன்ல. பொம்பளைக வாரதுக்கு இது என்ன ரேசன் கடையா?" என்றார்.

அவள் என் முதுகில் கையை வைத்து, "சொல்லுங்கக்கா" என்றாள்.

"சத்தியத்த எடுத்துக் குடுங்க தம்பி" என்றேன்.

உள்ளே இருந்த எளந்தாரிப் பயல்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன சத்தியம் பெரியப்பா?" என்று ஒருவன் கேட்டான்.

"அது பழைய கதைடா. மதினி, சாமி சங்கதி. வாயத் தொறக்கப்படாது."

"நீங்க தொறக்கப்படாது. நான் சூடம் அடிக்கலயே. எங்களத்தான் வேலிக்கு வெளிய நிறுத்திட்டீகளே" என்றேன். அப்புறம் எப்படி வந்ததோ, எல்லாவற்றையும் சொன்னேன். மாஸ்டர் செய்ததை, கூட்டத்தில் பேசியதை, பொன்னாடையை, எல்லாவற்றையும்.

கேட்டவன் முகம் செத்துப்போனது. "நெசமா பெரியப்பா?" என்றான். தலைவர் என்னைத்தான் பார்த்தார். "எடுத்துக் குடுத்தா, நாங்க தப்பு செஞ்சோம்னு ஆயிரும் மதினி."

"செய்யலையா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எளந்தாரிகள் விடவில்லை. கடைசியில், வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்கு வருகிறோம் என்று ஒத்துக்கொண்டார்.

என் மகன் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டான். குடிக்காமல் வந்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். அந்த அம்மாவும் வந்திருந்தாள். அவன் அவளைப் பார்த்துக் கும்பிட்டான். பூசாரி சூடத்தட்டோடு காத்திருந்தார். வெயில் ஏறியது. அன்றைக்குச் சத்தியம் வாங்கினவர்களில் ஒருத்தர்கூட வரவில்லை. தலைவர் வீட்டில் கேட்டதற்கு, நெஞ்சு வலி என்று ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார் என்றார்கள்.

அந்த எளந்தாரி மட்டும் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தான். "நான் இப்ப குழுவுல செயலாளர் பெரியாத்தா. நான் எடுத்துக் குடுத்தா ஆகாதா?"

பூசாரி சூடத்தட்டைக் கீழே வைத்தார். "நீ அப்பப் பொறக்கவே இல்லையேப்பா. வாங்குனவனுல்ல குடுக்கணும்" என்றார்.

மகன் எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். "வா ஆத்தா, வெயிலு ஏறுது" என்றான். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் முன்னால் நடந்தான். பஸ் தூரத்தில் தெரிந்ததும், "பேசணும்னுதான் ஆத்தா வந்தேன்" என்றான். ஏறிப் போய்விட்டான்.

சாமியாவது சத்தியமாவது, போய்ச் சொல்லுடா என்று படித்தவர்கள் சொல்லக்கூடும். நானும் சொல்லிப் பார்த்தேன். அவன் உள்ளங்கையை விரித்து என்னிடம் காட்டினான். அதில் இப்போது ஒரு தழும்பும் கிடையாது. அவனுக்கு மட்டும் ஏதோ தெரிகிறது.

விழா நடக்கவில்லை. தவிர்க்க முடியாத காரணம் என்று போட்டார்கள். போஸ்டரைக் கிழித்துவிட்டார்கள். அது நல்லதுதான். ஆனால் எங்களுக்குத் தெரியும், தெரிந்துதான் அனுப்பிவைத்தோம் என்று இன்றைக்கு வரைக்கும் குழுவில் ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. அந்த அம்மா எழுதிக் கொடுத்தது ஸ்டேசனில் அப்படியே கிடக்கிறதாம். தலைவர் தெருவில் என்னைப் பார்த்தால் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே போய்விடுகிறார்.

எனக்கு வயதாகிவிட்டது. அதனால்தான் எழுதி வைக்கிறேன். வருசத்தை மாற்றி எழுதியிருப்பேன். கூட்டத்தில் யார் முதலில் பேசினார்கள் என்பதும் சரியாக ஞாபகம் இல்லை, நான் வேலிக்கு வெளியே நின்று கேட்டதுதானே. அன்றைக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் நாலைந்து பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். இதைப் படிக்கிறவர்கள் யாராவது அவர்களிடம் போய், நான் எழுதியிருப்பதெல்லாம் சரிதானா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். தப்பு இருந்தால் அவர்கள் வாயாலேயே திருத்தச் சொல்லுங்கள்.