வெள்ளைப் பூதான் வந்தது

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு வருடம் தயங்கினேன்.

மலேசியாவில், ரந்தாவ் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறோம். என் மகள் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே கிளவுட் கம்ப்யூட்டிங் சான்றிதழ்த் தேர்வுக்குப் படித்தாள். தேறினால் சிரம்பானில் கணினி வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தோழிகள் இரண்டு வழிகாட்டிப் புத்தகங்களை இரவல் தந்தார்கள். ஒன்று மெலிசு, மற்றது செங்கல் மாதிரி தடிமன். இரண்டையும் படிக்க நாளில்லை.

"எத படிக்கறதுன்னே தெரியலப்பா. அம்மன்கிட்ட பூ போட்டு கேட்டுருங்க லா," என்று சிரித்தாள்.

வெள்ளைப் பூ மெலிசுக்கு, சிவப்பு தடிமனுக்கு என்று வேண்டி, தனித்தனி வெற்றிலையில் மடித்து அம்மன் முன்னால் போட்டேன். கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தேன். வெள்ளை.

ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். பக்கம் கூடினால் படிப்பும் கூடும் என்று நம்பினேன்.

"சிவப்புதாம்மா வந்துச்சு," என்றேன்.

தடிமனையே படித்தாள். தேர்வில் தோற்றாள். அந்த வேலை வேறொருவருக்குப் போனது.

"அது பழைய பாடமாம்பா. புதுசு அந்த மெலிசுலதான் இருந்திருக்கு. அம்மனே காட்டியும் இப்படின்னா எனக்குக் கொடுத்து வைக்கல, விடுங்க," என்று சொல்லிவிட்டுத் தொழிற்சாலைச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள்.

எனக்கு அழுகைகூட வரவில்லை. இன்றும் வரவில்லை. தினமும் விளக்கேற்றுகிறேன், அம்மன் முகத்தைப் பார்ப்பதில்லை.

யாரிடமாவது இதைச் சொல்லுங்கள். அம்மன் சொன்னதை நான் மாற்றினேன். நீங்கள் நான் சொன்னதை மாற்றாமல் சொல்லுங்கள்.