கஜு அரைத்த கிரைண்டர்

நிஸ்மியா ஒரு பயந்தாங்கொள்ளி என்று பாலாவியில் எல்லாரும் சொல்வார்கள். அவளும் மறுத்ததில்லை. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து இறங்கும்போது அவளுக்கு ஐந்து வயது. அன்றைக்குப் பிடித்த நடுக்கம் இன்னும் விடவில்லை என்பது கணவன் ஹாசிமின் கணிப்பு. கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பாள். உப்பளத்துக்குப் போன மனுசன் கொஞ்சம் பிந்தினால் போதும், மையத்து அடக்கத்துக்கு வேண்டிய ஏற்பாடெல்லாம் மனதுக்குள் செய்து முடித்துவிடுவாள்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மருமகனைப் பாருங்கள். மகள் ஸும்றாவுக்குப் பேசிய அஃப்ராஸ் கற்பிட்டியில் ஒரு ஹோட்டலில் வேலை செய்யும் தங்கமான பிள்ளை. ஆனால் கஜு, அதுதான் முந்திரிப்பருப்பு, ஆகாது.

"சின்ன வயசில ஒருக்கா கொஞ்சம் உள்ள போயிட்டுது, மதினி. தொண்டை வீங்கி, மூச்சடைச்சு, மௌத்தின்ட வாசல் வரைக்கும் போய் வந்தவன்," என்று அவன் உம்மா ஹஃபீலா முதல் நாளே சொல்லிவிட்டாள்.

நிஸ்மியா அன்றைக்கே வீட்டிலிருந்த கஜுப் போத்தலைத் தூக்கி, பக்கத்து வீட்டுத் தம்பி மனைவி ஷிம்லாவிடம் கொடுத்துவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

நிச்சயம் பண்ண மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் சொன்ன நாளில், அஃப்ராஸுக்குப் பிடிக்கும் என்று ஸ்கோன் சுட்டாள். போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து வீடியோ பார்த்துப் பழகியது. மாவிலே குளிர்ந்த பட்டரை விரல் நுனியால் உதிர்த்து, பால் விட்டு, பிசையாமல் சேர்த்து, தட்டி வெட்டி ஓவனில் வைத்தாள். நன்றாக எழும்பின. நடுவில் வைக்கப் பட்டர் கிரீம். தோடம்பழத் தோலைச் சீவிப் போட்டு, ஏலக்காயும் சேர்த்தால் வீடெல்லாம் மணக்கும். ஐசிங் சீனிதான் முடிந்திருந்தது. கடைக்கு ஆள் அனுப்ப நேரமில்லை. ஷிம்லாவிடம் சீனி அரைத்து வாங்கி அடித்துப் பூசினாள்.

அஸர் தொழுதுவிட்டு அவர்கள் வந்தார்கள். ஆண்கள் முன் மண்டபத்தில், பெண்கள் உள்ளறையில், நடுவே ஒரு திரை. ஹாசிம் ஸ்கோன் தட்டுகளை வாங்கிக்கொண்டு முன்னால் போனான். ஷிம்லா ஒரு தட்டு வட்டிலப்பத்தோடு பின்வாசலால் குசினிக்குள் வந்தாள்.

"பெரிய ஆக்களுக்கு மட்டும் குடுங்க, ராத்தா. கஜு தூக்கலாப் போட்டிருக்கன். நீங்க தந்த போத்தலையே அரைச்சன்."

நிஸ்மியா தட்டை வாங்காமல் கேட்டாள். "எதுல அரைச்ச?"

"எங்கட கிரைண்டர்லதான்."

"சீனி?"

"அதுலதான். கழுவினா ஈரமாயிடும், சீனி கட்டி பிடிக்கும். அதான் துணியால நல்லாத் துடைச்சிட்டு…" ஷிம்லாவின் வாய் மெல்லத் திறந்தபடி நின்றுவிட்டது.

நிஸ்மியா ஹாசிமுக்குப் போன் அடித்தாள். அவனுடைய போன் அவள் பக்கத்திலேயே சார்ஜில் கிடந்து அலறியது. திரைக்குப் பின்னால் நின்று, "இஞ்ச பாருங்க," என்று கூப்பிட்டாள்.

"வாறன், பொறுங்க," என்றான் அவன், தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்து.

துடைத்தாள்தானே, அந்தத் தூசியில் என்ன வந்துவிடப் போகிறது என்று மனம் சொன்னது. மகளின் கலியாணப் பேச்சு முடியும் தறுவாயில், ஆண்கள் நடுவே போய் நின்று, எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் விஷம் இருக்கிறது என்று சொல்வதா? ஊர் வாயை எந்த உலைமூடியால் மூடுவது? ஸும்றாவை நாளைக்கு யார் கேட்டு வருவார்கள்? பேசாமல் இருந்தால் ஒன்றும் நடக்காமலும் போகலாம். நடந்துவிடவும் செய்யலாம்.

திரையின் இடுக்கால் பார்த்தாள். பெரியவர்கள் எடுக்கும்வரை கையை மடக்கி வைத்திருந்த அஃப்ராஸ், மரியாதைக்காரப் பிள்ளை, இப்போது ஒன்றை எடுத்து இரண்டாகப் பிளந்தான். பிஸ்மி சொல்லி உதடு அசைந்தது.

நிஸ்மியா முக்காட்டை இழுத்துவிட்டாள். திரையை விலக்கி நேரே போய், அவன் கையிலிருந்ததைப் பிடுங்கினாள்.

"சாப்பிடாதீங்க மகன். இதுல கஜு பட்டிருக்கு. எங்கட பிழைதான்."

அவன் விரல்களில் கிரீம் இருந்தது. தன் முந்தானையாலேயே அழுத்தித் துடைத்துவிட்டாள். "வாயில வெச்சீங்களா?" என்று கேட்கும்போது அழுதுவிட்டாள். இல்லை என்று அவன் தலையாட்டினான். ஹாசிம் அவனைக் கூட்டிப் போய் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவ வைத்தான்.

நிஸ்மியா குசினியில் வந்து நிலத்தில் உட்கார்ந்தாள். ஹஃபீலா உள்ளே வந்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். இதோ முறிந்தது என்று நிஸ்மியா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அண்டைக்கு அவனுக்கு வந்தது எங்கட சொந்தக்கார வீட்டுல, மதினி. கஜு விழுந்தது அந்த வீட்டுக்காரிக்குத் தெரியும். ஆக்களுக்கு முன்னுக்கு எப்படிச் சொல்றது எண்டு பேசாம இருந்துட்டா." ஹஃபீலா அவள் கையைப் பிடித்தாள். "இவன் கலியாணம் முடிச்சு வேற வீட்டுக்குப் போனா யாரு பாப்பாங்க எண்டு எனக்கு நித்திரையே இல்ல. இண்டைக்கு நான் நித்திரை கொள்ளுவன்."

ஹஃபீலா நித்திரை கொண்டாள். நித்திரையை இழந்தவள் நிஸ்மியா. கலியாணம் முடிந்து, ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை இப்போது பெண் வீட்டில், அவளுடைய சாப்பாட்டில்தான் இருக்கிறான். ஷிம்லாவின் கிரைண்டரில் அரைத்த எதையும் தன் குசினிப் படி ஏற விட்டதில்லை. ஐசிங் சீனிப் பெட்டி இரண்டு எப்போதும் அலுமாரியில் இருக்கும். அஃப்ராஸ் சாப்பிட உட்கார்ந்தால், கடைசிக் கவளம் இறங்கும்வரை அவன் தொண்டையைப் பார்த்துக்கொண்டு திரைக்குப் பின்னால் நிற்பாள். பயந்தாங்கொள்ளி என்று இப்போது ஹாசிம் சொல்வதில்லை.

சில நாட்களில் ஹஃபீலாவிடமிருந்து போன் வரும்.

"சாப்பிட்டானா, மதினி?"

"சாப்பிட்டார், மதினி."